துரை கோட்டைக் கழற்றிய கிறிஸ்மஸ்

யேசுரத்தினம் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பதுளை ஆஸ்பத்திரியில், நோயாளிகளைப் பார்க்க விடுகிற சாயங்கால நேரத்தில். ஜெபமலர் மல்லாந்து படுத்து, மேலே பலகை அடித்த சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நல்லா நெருக்கமா அடிச்சிருக்காங்க. இதுல ஒரு துணி காயாதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

"வீட்டுல அந்தக் கம்பு இருக்கா?"

"இருக்கு."

"விறகுன்னு நெனச்சு அடுப்புல வச்சிராதீங்க."

மணி அடித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். மறுநாள் காலையில் கஞ்சி பிளாஸ்க்கோடு அவர் போனபோது கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரி, பாவம், சீலிங்கையும் துணியையும் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டு, காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்திருப்பாள். பிதற்றல் இல்லை. ஊவா மலைகளிலேயே பெரிய நெருப்புக்காரன் என்று பேர் வாங்கிய ஒரு மனிதனை ஒரு பனிக்காலம் முழுக்கத் தலைகீழாக நிற்க வைத்தவள், தன் வேலையை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டங்கள் இன்னும் கம்பெனிக்காரர்கள் கையில் இருந்த காலம் அது. பெரகல சந்தியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேகம் தெரியும். அந்த மேகத்துக்குள் இருந்தது பனிமொட்டைத் தோட்டம். அங்கே யேசுரத்தினம் டீமேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே வந்து கறுப்புத் தேயிலையாய் வெளியே போகும்வரை பேக்டரியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அரைத்த கொழுந்தைச் சுடுகாற்றில் காயவைக்கும் டிரையர் என்ற இரும்புப் பூதத்துக்கு ஓர் உலை உண்டு. அந்த உலை அவருக்குப் பிள்ளை மாதிரி. உலைக்கதவுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டுவார். தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன்னால் சூடு எவ்வளவு என்று அவர் சொல்லிவிடுவார். தெர்மாமீட்டர் வேறு மாதிரிச் சொன்னால் தெர்மாமீட்டரைத் தட்டுவார். அதுவும் பயந்துபோய் அவர் சொன்ன இடத்துக்கு வந்துவிடும்.

தோட்டம் அவருக்குக் கொடுத்திருந்த குவார்ட்டஸில் முன்னொரு காலத்தில் வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் இருந்தார். ஹாலில் கால் முளைத்த பன்றி மாதிரி ஓர் இரும்பு அடுப்பை அவர் வைத்துவிட்டுப் போயிருந்தார். வயிற்றில் விறகு போட வேண்டும். முதுகிலிருந்து ஒரு குழாய் கிளம்பிச் சுவர் வழியாக வெளியே போய்ப் புகை விடும். குளிர்காய்வதற்கென்றே அப்படியொரு அடுப்பு, தோட்டத்து உத்தியோகஸ்தர் குடியிருக்கும் வேறு எந்த ஸ்டாப் வீட்டிலும் கிடையாது.

ஆனால் போன கிறிஸ்மஸுக்கு ஒரு அவமானம் நடந்துவிட்டது.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் கிறிஸ்தவ ஸ்டாப் வீடுகளுக்குத் தோட்டத்து மேனேஜரான துரை வந்து ஒரு துண்டு கேக் தின்றுவிட்டுப் போவது தோட்டத்து வழக்கம். அப்போதிருந்த துரை கொழும்புக்காரர். கடற்கரை வெயிலில் வளர்ந்த உடம்பு. பனிமொட்டைக்கு வந்த நாளிலிருந்து கோட்டைக் கழற்றாமலே இருந்தார். குளிக்கும்போது கழற்றுவாரா என்று தோட்டத்தில் ஒரு விவாதமே உண்டு. அவர் யேசுரத்தினம் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து விறகு ஈரம். துரை கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கேக்கை மென்றபடியே சொன்னார்:

"என்ன யேசுரத்தினம், நெருப்புக்காரன் வீட்டில் நெருப்பு இல்லையே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டு லூக்காஸ் அங்கே இருந்தார். அவர் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். எந்த வார்த்தை அவர் காதில் விழுந்தாலும் மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

இந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கும்போது அந்த லூக்காஸே வேறொரு செய்தி கொண்டுவந்தார்.

"டீமேக்கரே, ஆபீஸ்ல ஒரு பேச்சு அடிபடுது. படிச்ச பையன் ஒருத்தன டீமேக்கரா போடலாமான்னு துரை யோசிக்கிறாராம். உங்களுக்கு வயசாகுதாம், நெருப்பு கைக்கு அடங்கலியாம். நான் சொல்லல. பேச்சு."

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் யேசுரத்தினம் ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே சபதம் செய்தார்.

"மலரு, கேட்டுக்க. இந்தக் கிறிஸ்மஸுக்குத் துரை நம்ம ஹால்ல கோட்டக் கழட்டணும். நான் சொல்லக்கூடாது. அவரா கழட்டணும். வேர்த்துக் கழட்டணும்!"

"ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

"பேக்டரியில இந்த மழைக்கும் நான் கொழுந்து வாட்டுறேன், தெரியுமா? வெளிய ஈரம் சொட்டுது. மேல்மாடியில கொழுந்து வாடி நிக்குது. எப்படி?"

"எப்படிங்க?"

"சூட்டக் கீழயே வச்சுக்கக் கூடாது. வழிய விட்டா அது தானா மேல ஏறும். ஏறிச்சுன்னா எந்த ஈரமும் நிக்காது. இது ஒரு வித்த. இது படிச்ச பையனுக்கு வருமா?"

"அப்படியா? மேல ஏறினா எந்த ஈரமும் நிக்காதா?"

"நிக்கவே நிக்காது!"

ஜெபமலர் அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். சாதாரணமாக அவர் பேக்டரிக் கதை சொல்லும்போது அவள் பாதியில் குசினிக்கு எழுந்து போய்விடுவாள். அன்றைக்கு உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அவர் அதைத் தன் பேச்சின் பெருமை என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்தது. பனிமொட்டையில் மார்கழி வருவதில்லை, விழும். விடியும்போது ஜன்னலைத் திறந்தால் வெளியே இருந்த உலகத்தைக் காணோம். தூறல் நிற்காமல் பெய்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கொடிகளில் போட்ட துணி வாரக்கணக்கில் அப்படியே தொங்கியது. காயவும் இல்லை, சொட்டவும் இல்லை. யேசுரத்தினம் அடுப்பை மூட்டினார். அடுப்பு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. ஹால் மட்டும் சூடாகவில்லை.

முதலில் அவர் விறகைச் சந்தேகப்பட்டார்.

"மலரு, இது சவுக்கு விறகு. இதுல என்ன இருக்கு? பழைய தேயிலைக் கட்ட வேணும். அது எரிஞ்சா இரும்பு உருகும்."

"அப்ப அதையே கொண்டு வாங்க. நெறையா கொண்டு வாங்க."

கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய மலையிலிருந்து கட்டை கட்டையாக வந்தது. அடுப்பு சிவந்தது. கிட்டே போனால் மீசை கருகியது. நாற்காலியில் போய் உட்கார்ந்தால் பல் கிட்டியது.

அடுத்தது புகைக்குழாய். குழாயைத் துடைக்க நீளமாக ஒரு கம்பு வேண்டியிருந்தது. ஹால் மூலையில் ஜெபமலரின் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. ஒரு முனையில் தேங்காய்த் தும்பு கட்டிய நீளக் கம்பு. புதிதாகச் செய்தது. அவர் அதை எடுத்ததுதான் தாமதம், குசினியிலிருந்து பறந்து வந்தாள்.

"ஐயோ, அத வைங்க! கரி பூசிரும்!"

"ஒட்டடைக் கம்புல கரி பட்டா என்ன?"

"கிறிஸ்மஸுக்கு வீடு துடைக்கணுமா வேணாமா? இந்தாங்க, மூங்கில் தாறேன்."

மூங்கில் தந்தாள். அவர் குழாயைத் துடைத்தார். வெளியே வந்தபோது அவருடைய பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாக இருந்தன. அடுப்பு இப்போது காற்றை இழுத்த இழுப்பில் ஓசையே வேறு. ரயில் எஞ்சின் மாதிரி உறுமியது. மறுநாள் சாயங்காலம் பேக்டரியிலிருந்து வந்து ஆசையாக ஹாலுக்குள் காலை வைத்தார். குளிர் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் விறகு போட்டுப் பாருங்களேன்" என்றாள் ஜெபமலர் ஆறுதலாக.

அவள் அந்த நாட்களில் அவரிடம் காட்டிய பொறுமையைச் சொல்லி முடியாது. வேறொரு பெண்ணாக இருந்தால், இந்த அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. அவர் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினாள். அவர் வேலைக்குப் போன நேரத்திலும் நெருப்பை அணையவிடாமல் காத்தாள். என் சபதத்துக்காக இவள் பகல் முழுக்க அடுப்போடு மாரடிக்கிறாளே என்று நினைத்து, மறுநாளைக்கு வேண்டிய விறகை அவரே பிளந்து அடுக்கி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் பெரகல சந்திக்கு இறங்கினார். அங்கே ஜௌபர் நானாவின் கடையில் ஆணியிலிருந்து அலுமினியச் சட்டிவரை எல்லாம் கிடைக்கும்.

"வாங்க டீமேக்கரய்யா. என்னா, மெலிஞ்சிட்டீங்க?"

"அடுப்பு நானா. சூடு நிக்க மாட்டேங்குது."

"அடுப்பு எரியுதா?"

"எரியுது."

"அப்ப சூடு எங்கயாச்சும் போவுது. ஜன்னலப் பாருங்க. கதவு இடுக்கப் பாருங்க. களிமண்ணு வச்சுப் பூசுங்க, பேப்பர் ஒட்டுங்க."

பழைய பேப்பர் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு விசாரித்தார்:

"வீட்டம்மா வாங்கிட்டுப் போன கொடிக்கயிறு போதுமா? இன்னொரு உருண்ட தரட்டா?"

"கொடிக்கயிறா?"

"ஆமா. பெரிய உருண்டையா ரெண்டு கேட்டாங்களே."

கிறிஸ்மஸுக்குத் தோரணம் கட்டுவாள் போலும் என்று நினைத்துக்கொண்டு மலையேறினார். அவர் மனம் முழுக்க ஜன்னல் இடுக்கில் இருந்தது.

இரண்டு சாயங்காலம் ஹாலின் எல்லா இடுக்கிலும் பேப்பர் ஒட்டினார். ஜெபமலர் பசை காய்ச்சிக் கொடுத்தாள். சாவித் துவாரத்தைக்கூட விடவில்லை. எறும்பு உள்ளே வரவேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும் என்ற நிலைமை வந்தது. ஹாலின் குளிர் அசையவில்லை.

கடைசியில் பேக்டரித் தெர்மாமீட்டரைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். அடுப்பின் வாயில் பிடித்தார். டிரையருக்குக்கூடப் போதும் என்கிற சூடு. அவர் முகம் மலர்ந்தது. அவருடைய தொழிலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். உலைவாயில் சூடு சரியென்றால் மிச்சமெல்லாம் சரி. முப்பது வருஷமாக அப்படித்தான். அவர் கழுத்தை நிமிர்த்தி உயரே பார்க்கிற பழக்கமே இல்லாத மனிதர்.

"மலரு, அடுப்பு மேல தப்பில்ல. அடுப்பு சொக்கத் தங்கம்."

"அது எனக்குத் தெரியும்ங்க. ரொம்ப நல்ல அடுப்பு."

"அப்ப தப்பு குளிர் மேலதான். இந்த வீட்டுக்குன்னு ஒரு தனிக் குளிர் இறங்குது."

மறுநாள் வாசலில் நின்று அவர் இதையே திரும்பச் சொன்னதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லூக்காஸ் கேட்டுவிட்டார்.

"தனிக் குளிரா? எங்க வீட்டுல ஒரு கரிச்சட்டி வச்சிருக்கேன் டீமேக்கரே. பெனியனோட உக்காந்திருக்கேன். துரைய வேணும்னா எங்க வீட்டுக்கே வரச் சொல்லுவமா, கோட்டக் கழட்ட?"

"லூக்காஸ், உங்க வேலையப் பாருங்க."

"சும்மா சொன்னேன். உண்மையாவே இந்த வருஷம் குளிர் கொறவுதான். மருந்துக்காரரையே கேளுங்க. வருஷா வருஷம் இந்த மாசத்துல பிள்ளைக்காம்பராவுல எல்லாம் இருமிக்கிட்டே கெடக்கும். நெஞ்சுச்சளின்னு ரெண்டு மூணு பதுளைக்குப் போகும். போனதுல ஒண்ணு திரும்பி வராது. இந்தத் தரம் சத்தமே இல்ல. பனி கொறஞ்சிருச்சு."

"பனி கொறஞ்சா என் வீட்டுல ஏன் குளிருது?"

"அதுதான் தனிக் குளிர்னு நீங்களே சொல்லிட்டீங்களே!"

ஜெபமலர் வேலியோரம் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அதைப் பார்த்துக்கொள்ளும் ஜெயலெட்சுமி அப்போதெல்லாம் பின்கதவுக்கு அடிக்கடி வந்துபோனாள். தலையில் ஒரு மூட்டையோடு வருவாள். போகும்போதும் ஒரு மூட்டை. ஒரு நாள் யேசுரத்தினம் எதிரே வந்துவிட்டார். அவள் மூட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சலாங்கய்யா, நீங்க நல்லா இருக்கணும்" என்று கண் கலங்கச் சொன்னாள். தன் சபதம் லயம்வரை தெரிந்துவிட்டது, ஜனங்கள் ஜெபிக்கிறார்கள் என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

கிறிஸ்மஸ் வந்தது.

பூசை முடிந்து வந்ததிலிருந்து யேசுரத்தினம் அடுப்பை விட்டு அசையவில்லை. தேயிலைக் கட்டையைத் திணித்தார். ஊதினார். மத்தியானம் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. துரை வந்தார். கோட்டோடு வந்தார். கோட்டுக்கு மேல் மப்ளரும். பின்னாலேயே, அழைக்காமலே, லூக்காஸ்.

துரை உட்கார்ந்தார். கைகளைத் தேய்த்தார். அடுப்பைப் பார்த்தார். யேசுரத்தினத்தைப் பார்த்தார். காலரைத் தூக்கிவிட அவர் கை மெல்ல மெல்லக் கழுத்துப் பக்கம் போனது. யேசுரத்தினத்தின் முப்பது வருஷ வேலை அந்தக் கையின் விரல் நுனியில் தொங்கியது.

அப்போது ஜெபமலர் கேக் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயையோ, துரை வந்த நேரத்துல மேல ஒரு ஒட்டடை! மன்னிச்சுக்கங்க துரை."

மூலையிலிருந்த கம்பை எடுத்தாள். தும்பு முனை கீழே, மொட்டை முனை மேலே. யேசுரத்தினம் கூசிப்போனார். துரை முன்னால் ஒட்டடை அடிக்கிறாளே, அதையும் தலைகீழாகப் பிடித்து அடிக்கிறாளே! அவள் அடுப்புக்கு நேர் மேலே ஒரு தரம் நெம்பி இழுத்தாள். எங்கோ 'சர்ர்' என்று ஒரு சத்தம். கம்பை மூலையில் சாத்திவிட்டு, "தேத்தண்ணி கொண்டாறேன்" என்று போய்விட்டாள்.

துரை கேக்கைக் கடித்தார். மப்ளரைத் தளர்த்தினார். இரண்டாவது துண்டை எடுத்தார். மப்ளர் மடிக்கு வந்தது. லூக்காஸ் நெற்றியைத் துடைத்தார். தேத்தண்ணி வந்தபோது ஹாலே ஒரு பேக்கரிப் போறணை மாதிரி இருந்தது. அதற்குள் வைத்த பாண் மாதிரி எல்லாரும் பொங்கிச் சிவந்திருந்தார்கள். துரை எழுந்தார். ஒரு கையை உருவினார். மறு கையை உருவினார்.

கோட்டைக் கழற்றினார்.

உள்ளே சட்டை இருந்தது. எல்லாரையும் போலச் சாதாரணச் சட்டை. லூக்காஸ் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார்.

"எப்படி யேசுரத்தினம்? என் பங்களாவில்கூட இப்படி இல்லையே!"

அதற்குப் பிறகு யேசுரத்தினத்தை நிறுத்த யாராலும் முடியவில்லை. தேயிலைக் கட்டையின் குணம், குழாயின் இழுப்பு, ஜன்னல் இடுக்கின் இரகசியம் எல்லாவற்றையும் விளக்கினார். "சூடு கொஞ்சம் மெதுவா ஏறும் துரை. நல்ல அடுப்போட லட்சணம் அதுதான்" என்றார். துரை ஆடாமல் அசையாமல் கேட்டார். போகும்போது கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முதுகில் தட்டினார்.

"இப்படி ஒரு நெருப்புக்காரன் இருக்கும்போது எனக்கு எதுக்குப் புது ஆள்?"

லூக்காஸ் ஜீப்வரை கூடவே போனார். பாதி வழியிலேயே அவருக்கு மறுநாள் பேச்சு தயாராகியிருக்கும்.

யேசுரத்தினம் துரையை வழியனுப்பிவிட்டு வாசலில் நின்று பனியைப் பார்த்தார். ராஜா தன் படையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பினார்.

ஹால் குளிர்ந்துகொண்டிருந்தது.

ஜெபமலர் அடுப்புக்கு முன்னால் நின்றாள். கையில் கம்பு. மொட்டை முனையால் சீலிங்கைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு நேர் மேலே ஒரு பலகை, வழவழவென்று, எண்ணெய் போட்டது மாதிரி நகர்ந்து இடம் விட்டது. அந்தக் கறுப்பு இடைவெளிக்குள் ஹாலின் சூடு முழுவதும் ஏறிப் போவதை அவரால் பார்க்கவே முடிந்தது. அடுப்புக்கு மேலே காற்று நடுங்கிற்று.

அவர் பின்பக்கம் போய், ஸ்டோர் அறையில் சாத்தியிருந்த ஏணியில் ஏறிக் கூரைப் பரணுக்குள் தலையை நீட்டினார்.

நீட்டிய தலையை அவரால் வெகுநேரம் எடுக்க முடியவில்லை.

வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொடி கட்டியிருந்தது. கொடிக்குக் கொடி கட்டியிருந்தது. கொடி நிறையச் சின்னச் சின்னத் துணிகள். பழைய வேட்டியைக் கிழித்தது, சேலையைக் கிழித்தது, மாவு மூட்டைத் துணியை வெட்டித் தைத்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண். கீழேயிருந்து வரும் சூட்டில் எல்லாம் மெதுவாக, ஒரே மூச்சாக அசைந்தன. கூரை இடுக்கு வழியாக வந்த மத்தியான வெளிச்சத்தில் ஆவி எழும்பியது. வெளியே உலகம் முழுக்க நனைந்து கிடந்தது. இங்கே, அவர் தலைக்கு மேலே, ஒரு தோட்டத்தின் குழந்தைகள் எல்லாருடைய துணியும் காய்ந்துகொண்டிருந்தது. சோப்பு வாசனையும் வெதுவெதுப்பும் முகத்தில் வந்து படிந்தன. பேக்டரியின் மேல்மாடியை அவர் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறார். அது இவ்வளவு பெரிதாக அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. பூசையில் நிற்பதுபோல் ஏணியில் நின்றார்.

ஜெபமலர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் பிள்ளைக்காம்பரா துணியா?"

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"நீங்க அடுப்பு மூட்டினதுலருந்து. ஆனா அப்ப சரியாக் காயல. நீங்க தேயிலைக் கட்ட கொண்டு வந்தப்புறம்தான் நல்லாக் காஞ்சிச்சு."

அவர் கீழே குனிந்து அவளைப் பார்த்தார்.

"நான் குழாய் தொடச்சேனே?"

"அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அம்புட்டும் காஞ்சிருச்சு. மகராசன்னு ஜெயலெட்சுமி சொன்னா."

"ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டினது?"

"அது ரொம்ப நல்ல காரியம். சூடு வேற எங்கயும் போகாம நேரா மேல வந்துச்சு."

"இந்த வித்தைய உனக்கு யார் சொல்லித் தந்தது?"

"நீங்கதான். ரொட்டி திங்கிறப்ப."

அவர் ஒரு படி இறங்கினார். மறுபடியும் ஏறினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மலரு."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? ஸ்டாப் வீட்டுக் கூரையில லயத்துத் துணியா, துரைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பார். அச்சு அசல் அதே வார்த்தைகளில் கேட்டிருப்பார்.

"இப்ப அதையே கேளுங்க. பலகைய அடைச்சு ஆணி அடிச்சிருவோம். நாளைக்குக் காலையில நீங்களே போயி அந்தப் பிள்ளைகளுக்கு ஈரத்துணியக் கட்டிவிட்டுட்டு வாங்க."

அவர் கேட்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது, மடுல்சீமையில், முதல் வேலையில் இருந்தபோது. ஒரு மழைக்காலத்தில் பிறந்து அந்த மழை விடுவதற்குள் நெஞ்சுச்சளியில் போய்விட்டது. அந்த வீட்டில் கட்டிலுக்குக் குறுக்கே கொடி கட்டி, எந்நேரமும் காயாமல் தொங்கிக்கொண்டிருந்த துணிகளை அவர் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார். அதைப்பற்றி ஜெபமலர் அன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏணியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். கையை நீட்டிக் கோடியில் தொங்கிய ஒரு துணியை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். இன்னொன்றைத் தொட்டார். முகம் சுளித்தது.

"இந்த மூலையில ஈரம் நிக்குது. காத்து சுத்தல."

"அது எனக்கும் தெரியும்ங்க. அதுக்குத்தான் ஆள் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள் ஜெபமலர். "கூரையில ரெண்டு ஓடு நகர்த்தினாச் சரியா வருமா? சாப்பிட்டுட்டு ஏறுங்க."

சாப்பிட்டுவிட்டு ஏறினார்.

அதற்குப் பிறகு வந்த பனிக்காலங்களில் பனிமொட்டை டீமேக்கர் தன் ஹாலில் போர்வை போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தார். விறகு திணித்தார், கூரையேறி ஓடு நகர்த்தினார், ஏணிக்கு இரண்டு படி கூடுதலாக அடித்தார். வருஷத்தில் ஒரே ஒரு மத்தியானம், கிறிஸ்மஸ் அன்று, பலகை மூடும். துரை கோட்டைக் கழற்றுவார். யேசுரத்தினம் அடுப்பின் லட்சணத்தை விளக்குவார். லூக்காஸ் அந்த இரகசியத்தைக் கண்டுபிடிக்கத் தன் வீட்டு ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டினார். கரிச்சட்டிப் புகையில் அவர் வீட்டார் வாசலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று.

தோட்டம் கைமாறியது. துரைமார் மாறினார்கள். பென்சனுக்குப் பிறகு இருவரும் பதுளைக்கு இறங்கி வந்தார்கள். பதுளையில் அவ்வளவு குளிர் இல்லை. அடுப்பு தேவைப்படவில்லை. இரும்பு அடுப்பைப் பழைய இரும்புக்காரன் ஒருவன் லொறியில் ஏற்றிப் போனதாகக் கேள்வி. அந்தக் குவார்ட்டஸுக்கு இப்போது தகரக் கூரை, சீலிங் இல்லை.

ஒட்டடைக் கம்பு இருக்கிறது. கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. தும்பு கட்டிய முனை இன்னும் புதிதாக இருக்கிறது. மறு முனைதான் தேய்ந்திருக்கிறது.